மச்சான் இறங்கிய பத்துப் படிகள்

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். மேலே கட்டாந்தரையில் என் மச்சான் ரங்கராஜன் குடையை விரித்துக்கொண்டு நின்றார். பத்துப் படி கீழே, எங்கள் வீட்டு முற்றத்தில், என் மனைவி தனம் ஒரு செம்பு மோரோடு நின்றாள். அவர் தனத்தின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தனம், மேல வாம்மா. ஒரு வார்த்தை பேசணும்."

"இங்க வந்து பேசுங்கண்ணே."

"அந்தக் குழிக்குள்ள நான் இறங்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். மோர் மேல ஏறி வராதுன்னு உங்களுக்கும் தெரியட்டும்."

நான் வாசல் நிலையில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தங்கைக்கு நடுவில் நியாயம் சொல்லப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

ஆனால் நான் சும்மா இருந்ததற்கு உண்மையான காரணம் பயம். ஸ்ரீரங்கத்தில் மச்சான் குடியிருக்கும் அடுக்குமாடியில், அவர் வீட்டுக்கு எதிர் வீடு காலியாக இருந்தது. எங்களுக்காக அதை யாருக்கும் விடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார். வருகிறோமா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரரிடம் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் தனம். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

வீட்டைக் காணோம்

"நிஜமாகவே பூமிக்குள்ளா குடியிருக்கிறீர்கள்?" என்று இந்தத் தொடரின் வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நாலைந்து வாரத்துக்கு முன்னால் போகிற போக்கில் 'எங்கள் குழி வீடு' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, ஆலைக் கதைகளை இந்த வாரம் ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சமயபுரத்தைத் தாண்டி உள்ளே பிரிந்து போகும் ஒரு ரோட்டில், மேட்டுச் செம்மண் பூமி. இடம் கொஞ்சம் சரிவு. அந்தச் சரிவைக் குடைந்து வீட்டை உள்ளே செருகியிருக்கிறோம். மூன்று பக்கம் மண். முன்பக்கம் மட்டும் திறப்பு. அதற்கு எதிரே பள்ளமாக ஒரு முற்றம். முற்றத்திலிருந்து மேலே ஏறப் பத்துப் படி. கூரை, கம்பியும் கான்கிரீட்டும் இல்லாத செங்கல் வளைவு. வளைவுக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு மண், மண்ணுக்கு மேலே புல்.

ரோட்டிலிருந்து பார்த்தால் புல் மேடு ஒன்று தெரியும். அவ்வளவுதான்.

சிலிண்டர் போடுகிறவர் முதல் தடவை வந்தபோது போன் செய்தார். "சார், நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கிறேன். வேப்பமரம் இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு. வீட்டைத்தான் காணோம்."

"தம்பி, நீங்க நிக்கிறதே எங்க வீட்டு மேலதான்."

பிறகு மெதுவாக, "சார், நான் ஏதாவது ஒடைச்சிட்டேனா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனிதர். இன்றைக்கும் மேட்டின் மேல் கால் படாமல் சுற்றித்தான் வருகிறார்.

சித்திரை மாதம் சமயபுரம் மாரியம்மனுக்கு மஞ்சள் துணி கட்டி நடந்து போகிறவர்களில் சிலர் எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க ஒதுங்குவார்கள். தனம் படியேறித் தலையை நீட்டினால் மண்ணிலிருந்து ஒரு பெண் முளைத்து வருவதுபோல இருக்கும். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டே விட்டாள். தனத்துக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

பம்ப் குழி

எனக்கு இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பாய்லர் வெல்டர் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லருக்கான பெரிய இரும்புப் பீப்பாய்களுக்கு உள்ளே படுத்துப் பற்றவைத்துப் பற்றவைத்து என் வாழ்க்கையில் பாதி போனது. சித்திரை வைகாசியில் அந்தப் பீப்பாய்க்குள் இருக்கிறவனுக்கு நரகத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்த ஆலையின் பின்பக்கம் ஒரு பம்ப் குழி இருந்தது. இருபது படி கீழே, தரைக்கு அடியில், தண்ணீர் பம்ப் ஓடும் அறை. மேலே தார் ரோடு இளகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே போனால் முதுகுச் சட்டை சில்லென்று ஒட்டும். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெல்டர்கள் எல்லோரும் அங்கேதான் ஓடுவோம். ஃபோர்மேன் தேடிக்கொண்டு வருவார். திட்டுவதற்காக இறங்கியவர் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் திட்டுவார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட குவார்ட்டர்ஸில் வெந்தது போதும், ரிட்டயர் ஆனால் பூமிக்குள்தான் என்று.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணமான புதிதில் தனத்துக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குப் போகும் தெருவில் பிறந்தவள். விடிகாலையில் காவிரியில் குளித்துவிட்டுக் கோயிலுக்கு நடந்து போய் வளர்ந்த பெண்ணை ஆலைப் புகைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தேன். "வேலை முடிஞ்சதும் ஸ்ரீரங்கத்துக்கே போயிடலாம் தனம்" என்று சொன்னது நான்தான். அவள் கேட்கக்கூட இல்லை. அந்த வாக்கை நம்பி முப்பது வருஷத்துக்கும் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் இருந்தாள்.

முதலில் ஸ்ரீரங்கத்திலேயே பூமிக்குள் கட்டலாம் என்று பார்த்தேன். மேஸ்திரி சவரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா, அது தீவு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். நாலடி தோண்டினீங்கன்னா கொள்ளிடமே உள்ள வந்து சௌக்கியமான்னு கேக்கும்."

அப்படித்தான் மேட்டு நிலம் தேடி ஆற்றைத் தாண்டினோம். அப்படித்தான் வாக்கும் ஆற்றோடு போனது. தனம் சண்டை போடவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள். குடும்பஸ்தர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் கனம் தெரியும்.

மச்சான்தான் கொதித்தார். கிரகப்பிரவேசத்தன்று வந்து, மேலேயே நின்று, தாம்பூலத்தை மேலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார். "மனுஷன் மண்ணுக்குள்ள போறதுக்குன்னு ஒரு நாள் இருக்கு மாப்ள. நான் அன்னைக்குப் போய்க்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம்

பாய்லர்க்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பற்றவைத்த பீப்பாயைச் சும்மா வெளியே அனுப்ப மாட்டோம். உள்ளே தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, டார்ச் லைட்டோடு ஒவ்வொரு பற்றவைப்புத் தையலாகப் பார்ப்போம். எங்கேயாவது ஒரு சொட்டு கசிந்தால் இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் அந்த வெல்டர் அன்று கேன்டீனில் தலைநிமிர்ந்து டீ குடிக்க முடியாது. என் கடைசிப் பத்து வருஷத்தில் எனக்கு வட்டம் விழுந்ததே இல்லை. இதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வேன் என்று தனம் சொல்வாள். உண்மைதான், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

வீட்டையும் அப்படித்தான் கட்டினேன். வெளிச்சுவருக்குத் தார் பூச்சு. சரி, அது வேண்டியதுதான். அதோடு விட்டேனா? உள்பக்கம் மண் சுவரின் மேல் தண்ணீர் புகாத சிமெண்ட். அதற்கு மேல் பளபளவென்று எண்ணெய்ப் பெயிண்ட். கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு கேஸ்கெட் ரப்பர் வெட்டி ஒட்டினேன். மூடினால் ஈ எறும்பு நுழையாது.

சவரிமுத்துவாவது தடுத்தாரா என்றால் இல்லை. "சிமெண்ட் போட்டாதான் ஐயா கெத்து" என்று அவரும் கூடச் சேர்ந்து பூசினார்.

முடிந்ததும் லாரித் தண்ணீர் வரவழைத்துக் கூரை மேட்டின் மேல் மூன்று நாள் ஊற்றினேன். உள்ளே நான் டார்ச்சும் சாக்பீஸுமாகச் சுற்றிவந்தேன். ஒரு சொட்டு இல்லை. பால் காய்ச்சினோம், குடிவந்தோம். சவரிமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சுவரெல்லாம் வட்டம்

ஐப்பசி மழை பிடித்தது. ஜன்னலை மூடிக்கொண்டு, பஜ்ஜி போட்டுக்கொண்டு, என் வீரப் பிரதாபங்களைத் தனத்திடம் அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். வளைவின் உச்சியில் வரிசையாகச் சொட்டுகள். சுவரைத் தொட்டேன். கை நனைந்தது. பின் அறைக்கு ஓடினேன். அங்கே சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

சாக்பீஸை எடுத்தேன். கசிந்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டேன். இரண்டு நாளில் வட்டம் போட இடமில்லை. தனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "வீட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு. வேப்பிலை வேணும்னா கட்டிடவா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டம் போட்ட இடங்களில் இன்னொரு பூச்சு சிமெண்ட் அப்பினேன். மேலே இன்னொரு கோட்டிங் பெயிண்ட். ஜன்னல் ரப்பரை இன்னும் இறுக்கினேன். அடுத்த வாரம் சொட்டு இரண்டு மடங்கானது. அலமாரியில் அரிசி மூட்டை பூசணம் பிடித்தது. தனத்தின் கல்யாணப் பட்டுப்புடவையில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அவள் அதை முற்றத்துக் கொடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் போன் செய்து எதிர் வீட்டு விஷயத்தைச் சொன்னார். தனம் பேசிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. நான் கத்திரி வரைக்கும் பாக்குறேன். அப்பவும் முடியலன்னா அண்ணன் பார்த்த வீட்டுக்குப் போயிடுறேன். நீங்க வர்றதுன்னா வாங்க. இங்கயே இருக்கணும்னா இருங்க, வாரம் ஒரு நாள் நான் வந்து பாத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் அமைதியாகச் சொன்னாள். இந்த வயதில் பெண்டாட்டி வாரம் ஒரு நாள் வந்து பார்க்கிற மனிதனாக ஆகிவிடுவேன் போலிருந்தது.

இட்லிப் பானை

கார்த்திகை மாதம், விடாத தூறல். காலையில் தனம் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். குரலில் அவசரம் இருந்தது. கையைச் சுட்டுக்கொண்டாளோ என்று ஓடினேன்.

இட்லிப் பானையின் மூடியைக் கையில் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். மூடியின் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மூடி ஒழுகுதாங்க?"

"என்ன கேள்வி இது? எவர்சில்வர் மூடி எப்படி ஒழுகும்?"

"அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"ஆவி மூடியில பட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் மூடியைத் தூக்கி எங்கள் கூரை வளைவுக்கு நேராகக் காட்டினாள். "மழைத் தண்ணி உள்ள வரலைங்க. உள்ள இருக்கற ஆவி வெளிய போகல. நாம சமைக்கறது, குளிக்கறது, மூச்சு விடறது எல்லாம் இதுக்குள்ளயே சுத்துது. சுவரு சில்லுன்னு இருக்கா, அதுல பட்டுச் சொட்டுது. நீங்க வீடு கட்டல, பானையை மூடி வச்சிருக்கீங்க."

வாசகர்களே, என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆவியை வைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஆவியை எப்படி அடைப்பது என்று புதிதாக வந்த வெல்டர்களுக்கு வகுப்பு எடுத்தவன். என் வீட்டுச் சுவரில் நிற்கும் ஆவி எனக்கு அடையாளம் தெரியவில்லை. இட்லி ஊற்றுகிறவளுக்குத் தெரிந்தது.

ஆனால் வீம்பு லேசில் போகுமா? "நிரூபி பார்க்கலாம்" என்றேன்.

தனம் சப்பாத்தி மாவு பிசைந்தாள். ஒரு எவர்சில்வர் தட்டின் விளிம்பில் மாவை அப்பி, பின் அறையில் மிக அதிகமாக நனையும் சுவரில் தட்டை அழுத்தி ஒட்டினாள். "தண்ணி மண்ணுலேருந்து வருதுன்னா தட்டுக்குப் பின்னாடி நனையும். நான் சொல்ற மாதிரின்னா முன்னாடி நனையும். நாளைக்குப் பாருங்க."

மறுநாள் காலை பல் விளக்குவதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். தட்டின் முன்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பிடுங்கித் திருப்பினேன். பின்பக்கம் காய்ந்து கிடந்தது. தனம் வந்து தட்டை வாங்கிக்கொண்டு போய், கழுவி, அதிலேயே எனக்கு இட்லி வைத்தாள்.

ஓட்டை போடும் வேலை

மழை விட்டதும் சவரிமுத்துவைக் கூப்பிட்டோம். உள்பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும் என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எல்லாத்தையுமா ஐயா? அந்த ஃபினிஷிங்குக்கு நான் எப்படி உழைச்சேன் தெரியுமா?"

"எனக்கு மட்டும் சந்தோஷமா மேஸ்திரி? கொத்துங்க."

சிமெண்டும் பெயிண்டும் பாளம் பாளமாக விழுந்தன. அதன் இடத்தில் மண்ணும் சுண்ணாம்பும் வைக்கோல் தூளும் கலந்து பூசினோம். கதவு ரப்பரை நானே பிளேடு வைத்து உரித்து எடுத்தேன்.

அடுத்து காற்றுப் போக்கி. கூரையைத் துளைத்துச் சுட்ட மண் குழாய் இறக்க வேண்டும். எங்கே துளைப்பது? நான் ஸ்கேல் வைத்துப் படம் போட்டு நாலு இடம் குறித்திருந்தேன். தனம் அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊதுபத்திக் கட்டை எடுத்தாள். அறை அறையாக, மூலை மூலையாகப் பற்றவைத்துப் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடுகிற புகையை விட்டுவிட்டாள். எங்கே புகை போக வழியில்லாமல் நின்று சுருண்டதோ, அங்கே அண்ணாந்து விரலைக் காட்டினாள். "இங்க ஒண்ணு. அங்க ஒண்ணு. சமையக்கட்டுல ரெண்டு."

என் படத்தில் இருந்த ஓர் இடம்கூட அவள் விரல் காட்டிய இடத்தோடு ஒத்துப்போகவில்லை. படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சவரிமுத்து உளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போடட்டுமா ஐயா?" ஓட்டை அடைப்பதையே தொழிலாகக் கொண்டவன் ஓட்டை போடச் சொல்லி உத்தரவு தர வேண்டும். "அம்மாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். முதல் துளை விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே வந்து பார்த்தால் வட்டமாக ஒரு வெயில் தரையில் விழுந்திருந்தது. அந்தத் துளைக்குக் கீழே தனம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பு மெல்ல ஆடியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் குடிவந்த நாளிலிருந்து பார்க்கவில்லை.

பங்குனியில் ஒரு கோடை மழை கொட்டியது. குழாய் வாய்களில் காற்றுக்கு இடம் விட்டுத் தகரத் தொப்பி மாட்டிவிட்டு, இரண்டு பேரும் நாற்காலி போட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சினிமா பார்ப்பதுபோல. ஒரு சொட்டு இல்லை. சுவரைத் தடவினால் கையில் சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.

ஆனால் நிபந்தனை கத்திரி வரைக்கும். மழையில் ஜெயித்துவிட்டோம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தனத்துக்கு வருஷா வருஷம் கத்திரியில் ஒற்றைத் தலைவலி வரும். ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பத்து நாள் படுத்துவிடுவாள். கத்திரி பிறந்தது. முதல் நாள், இரண்டாம் நாள், ஐந்தாம் நாள். ஃபேன்கூட இல்லாமல் மத்தியானம் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கண் வைத்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பத்துப் படி

மோர்ச் செம்புக்குத் திரும்புகிறேன்.

மச்சான் நின்றிருந்த இடத்தில் நிழல் கிடையாது. அந்தக் குடையும் பழைய குடை, வெயிலை வடிகட்டித்தான் அனுப்பியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. முந்தின நாளெல்லாம் அவர்கள் தெருவில் கரண்ட் இல்லை, ஏசி ஓடவில்லை, தூக்கமும் இல்லை என்று வந்ததும் சொல்லியிருந்தார்.

"அந்த வீட்டுக்காரருக்கு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்" என்றார் மேலிருந்து.

"சொல்லிடலாம்" என்றாள் கீழிருந்து.

"என்ன?"

"சொல்லிடலாம்னேன்."

"காது கேக்கல" என்று ஒரு படி இறங்கினார்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கோயில் மேளச் சத்தத்திலேயே தெருக்கோடியில் யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லக்கூடியவர். தனம் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். அவர் இரண்டாவது படி இறங்கினார். பிறகு மூன்றாவது. நாலாவது படியில், "முழங்கால் வலிக்குது" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஐந்துக்கும் ஆறுக்கும் நகர்ந்தார்.

ஏழாவது படியில் முற்றத்துச் சுவரின் நிழல் ஆரம்பிக்கிறது. அங்கே வந்ததும் குடையை மடக்கினார். வீட்டுக் கதவிலிருந்து வந்த காற்று அவர் முகத்தில் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

"மோரைக் குடு" என்றார்.

"உள்ள வாங்க, பெருங்காயம் போட்டுத் தரேன்."

மீதி மூன்று படியை அவர் இறங்கியதை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவ்வளவு வேகம். உள்ளே வந்தவர் மோரைக் குடித்தார், இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தார், பிறகு சுற்றிலும் தேட ஆரம்பித்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான் தேடுறீங்க?"

"ஏசியை எங்க வச்சிருக்கீங்க மாப்ள? சத்தமே வரலையே?"

தனம் மேலே கையைக் காட்டினாள். மண் குழாய் வழியாகத் துண்டு வானம் தெரிந்தது. "சூடான காத்து அது வழியா மேல போகும்ணே. முத்தத்துலேருந்து நெழல் காத்து உள்ள வரும். அவ்ளோதான். அதை எங்க வைக்கணும்னு நான்தான் பார்த்தேன்."

"நீயா?"

"நான்தான்."

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலில் எனக்கு வெட்கமே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வட்டம் விழாத பத்து வருஷத்தில்கூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

மச்சான் "சும்மா ஒரு நிமிஷம்" என்று வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்தார். இரண்டாவது நிமிடம் குறட்டை. நாலரை மணிக்குத்தான் எழுந்தார்.

சாயங்காலம்

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. அடுக்குமாடி வீட்டுக்காரர். மச்சான் பேசவில்லை. போனைத் தனத்திடம் நீட்டினார்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். வீடு சரியாகிவிட்டது, தலைவலி வரவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அவளுக்கு ஸ்ரீரங்கம் வேண்டும் என்பது அதையெல்லாம்விடப் பழைய உண்மை. வாக்குக் கொடுத்தவனே நான். 'போகிறேன்' என்று சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவது என்று அந்த நொடியில் முடிவு செய்தேன். வீடு கிடக்கட்டும், ஆடு மேயட்டும்.

"வணக்கங்க, தனலட்சுமி பேசுறேன். இவ்ளோ நாள் எங்களுக்காக நிறுத்தி வச்சிருந்தீங்க, ரொம்ப நன்றிங்க. அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். "ஐயோ, வீடு புடிக்காம இல்லைங்க. ஸ்ரீரங்கம் நான் பொறந்த ஊரு. ஆனா இந்த வீட்டுக்கு எங்கெங்க மூச்சு விட எடம் வேணும்னு ஒவ்வொண்ணா பார்த்து வச்சது நானு. விட்டுட்டு வர மனசு வரலைங்க."

போனை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப பெருமாளு?" என்றார் மச்சான். அவரால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பெருமாள் எங்கயும் போயிடலையேண்ணே. காலைல பஸ் ஏறினா நடை தெறக்கறதுக்கு வந்துடுவேன். உங்க வீட்டுல காபி குடிச்சிட்டு, வெயில் ஏறதுக்குள்ள இங்க வந்துடுவேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பார்க்காததுபோல விட்டுவிட்டாள். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் அழுகையும் விசிலும் ஒன்றாக வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"சும்மா உக்காந்திருக்காதீங்க. மேஸ்திரிக்குப் போன் போடுங்க" என்றாள். "இன்னொரு ரூம் தோண்டணும். அண்ணனும் அண்ணியும் கத்திரிக்கு வந்தா எங்க படுப்பாங்க?"

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பின் அறைக்குப் போய்ச் சுவரை இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்தார்.

"இந்தப் பக்கம் தோண்டுங்க மாப்ள" என்றார். "நல்லா ஆழமா."